மதுரையில உப்புற கேக் ஊட்டியில ஏன் அமுங்குது?

கேள்வி:

அக்கா வணக்கம். நான் ஊட்டியில ஒரு நூலகத்துல வேலை பாக்குறேன். மத்தியானம் கூட்டம் கொறஞ்சதும் புதுசு புதுசா வெப்சைட் தேடிப் படிக்கறது எனக்கு ரொம்பப் புடிக்கும், அதுலயும் பேக்கிங் சைட்னா விடவே மாட்டேன். வீட்ல ஓடிஜி, அதான் மேசை மேல வெக்கற சின்ன கரண்ட் ஓவன், வாங்கினதுல இருந்து அடிக்கடி ஏதாச்சும் பண்ணி ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போய் எல்லாருக்கும் குடுப்பேன். பிரச்சனை என்னன்னா, பட்டர் கேக் ஓவனுக்குள்ள அழகா ஏறிட்டு வெளிய எடுக்கறதுக்குள்ள நடுவுல குழி விழுந்துடுது, ஓரமெல்லாம் பிசுபிசுன்னு டின்ல ஒட்டிக்குது. கிராம் பிசகாம அளந்துதான் பண்றேன். அதே ரெசிபியை மதுரையில எங்க அக்கா பண்ணா சூப்பரா வருது, அவகிட்டயும் இதே ஓடிஜி தான். எந்த சைட்டை நம்பறதுன்னே தெரியல. ஆபீஸ்ல ஒரு அண்ணன் முட்டை சேர்த்துக்க மாட்டார், அவருக்குன்னு தனியா பண்ணா அது இன்னும் மோசமா வருது. இதுக்கு நடுவுல புதுசா வந்த சார் ஒருத்தர், லைப்ரரிக்குள்ள கேக்கெல்லாம் கொண்டு வராதீங்க பூச்சி வரும்னு சொல்லிட்டார், மனசுக்கு கஷ்டமா போச்சு. மத்தவங்க என்னடான்னா ஆர்டர் எடுத்துப் பண்ணுங்கன்னு சொல்றாங்க. கொஞ்சம் வழி சொல்லுங்க அக்கா.

பெயர் வேண்டாம், ஊட்டி

பதில்:

தங்கச்சி, உங்க ஓடிஜியும் நல்லாத்தான் இருக்கு, உங்க கைப்பக்குவமும் நல்லாத்தான் இருக்கு. நீங்க போற போக்குல எழுதின ஒரு வரியிலயே பதில் இருக்கு, அதே ரெசிபி மதுரையில வருது ஊட்டியில வரலங்கறீங்களே, அதுதான். மதுரை கடல் மட்டத்துல இருந்து நூத்திச் சொச்சம் மீட்டர் உயரம், நீங்க இருக்கறது கிட்டத்தட்ட 2,240 மீட்டர். அங்க காத்தோட அழுத்தம் கீழ இருக்கறதை விட ஏறக்குறைய கால்வாசி கம்மி. தண்ணியே ஊட்டியில 92, 93 டிகிரியிலயே கொதிச்சுடும், அதனாலதான் உங்க வீட்ல குக்கர் இல்லாம பருப்பு வேகவெச்சா வேகவே மாட்டேங்குது. நீங்க படிக்கற சைட்ல முக்காவாசி தரைமட்டத்துல இருக்கறவங்க அவங்க ஊர் அடுப்புல பண்ணிப் பாத்து எழுதினது, அந்த அளவை அப்படியே மலை மேல கொண்டு வந்தா கேக் அமுங்கத்தான் செய்யும்.

உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா அப்புறம் எந்த ரெசிபியையும் நீங்களே மாத்திக்கலாம், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. பேக்கிங் பவுடர் சூடு பட்டதும் வாயுவைக் கக்கும், அந்த வாயுதான் மாவைத் தூக்குது. மேல இருந்து அமுக்கற காத்து கம்மியா இருக்கறதால உங்க ஊர்ல அதே ஒரு ஸ்பூன் பவுடர் மாவை ரொம்ப வேகமா, ரொம்ப அதிகமா தூக்கிடுது. ஆனா முட்டை கெட்டியாகி மைதா வெந்து கேக்குக்கு ஒரு கட்டுமானம் வர்றதுக்கு அதுக்கான நேரம் எடுக்கும்ல, அது வர்றதுக்கு முன்னாடியே குமிழெல்லாம் பெருசாகி உடைஞ்சுடுது, அப்புறம் தாங்கறதுக்கு ஒண்ணும் இல்லாம நடுவுல உக்காந்துடுது. இன்னொரு பக்கம் ஈரம் சீக்கிரமா ஆவியாப் போறதால மாவுல சக்கரை விகிதம் ஏறிடுது. சக்கரை கூடினா கேக் செட் ஆகறது இன்னும் தள்ளிப் போகும், நீங்க சொன்ன அந்த ஓரத்துப் பிசுபிசுப்பும் அதனாலதான் வருது. ஆக பேக்கிங் பவுடரைக் கொறைக்கணும், சக்கரையைக் கொறைக்கணும், பால் தண்ணி மாதிரி ஈரத்தைக் கூட்டணும், சூட்டைக் கொஞ்சம் ஏத்தி சீக்கிரமா செட் ஆக வெக்கணும்.

உங்க அக்கா ரெசிபி என்னன்னு நீங்க எழுதல, நான் பொதுவா எல்லா சைட்லயும் இருக்கற ஒரு பட்டர் கேக்கை எடுத்துக்கறேன். 200 கிராம் மைதா, 200 கிராம் சக்கரை, 200 கிராம் வெண்ணெய், 4 முட்டை, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 60 மில்லி பால், 180 டிகிரியில 40 நிமிஷம். மதுரையில இது கச்சிதமா வரும். இதையே ஊட்டியில பண்ணும்போது பேக்கிங் பவுடரை ஒன்றரை டீஸ்பூனுக்கு கொண்டு வாங்க, தலை தட்டின ஸ்பூனா இருக்கணும், குவிச்சு எடுக்காதீங்க. சக்கரை 175 கிராம் போதும். பால் 100 மில்லி விடுங்க. மைதாவுல ரெண்டு டேபிள்ஸ்பூன் கூட சேருங்க. முட்டை சின்ன சைஸா வந்திருந்தா இன்னும் ஒரு முட்டை போட்டாலும் நல்லதுதான், முட்டைதான் மலை மேல கேக்கோட முதுகெலும்பு. ஓவனை 190-ல வெச்சு 32-வது நிமிஷத்துல இருந்து குச்சி விட்டுப் பாக்க ஆரம்பிங்க, அதுக்கு முன்னாடி கதவைத் திறக்கவே வேண்டாம். இவ்வளவும் ஒரே நாள்ல மாத்த பயமா இருந்தா முதல் தடவை பேக்கிங் பவுடரையும் பாலையும் மட்டும் மாத்துங்க, குழி பாதியா குறையறதை நீங்களே பாப்பீங்க. அடுத்த தடவை சக்கரை, அதுக்கப்புறம் சூடு.

முட்டையை ரொம்ப அடிக்கறதையும் விடுங்க. வெள்ளைக்கருவைத் தனியா அடிக்கற ஸ்பாஞ்ச் ரெசிபில எல்லாம் விஸ்க்கை, அதான் முட்டை அடிக்கற கம்பியை, தூக்கினா கூர்முனை விறைச்சு நிக்கணும்னு எழுதியிருப்பாங்க. உங்க ஊருக்கு அந்த முனை லேசா வளைஞ்சு தலை சாயற பதத்துலயே நிறுத்திடுங்க, ஏற்கனவே காத்து அங்க கூடுதலா விரியும், நீங்க வேற அதிகமா காத்தை அடைச்சு அனுப்பினா தாங்காது.

உயரத்தைப் பத்தி எழுதற சைட்ல கூட யாரும் சொல்லாத இன்னொண்ணு ஊட்டிக்கு இருக்கு, குளிர். அறை வெப்பநிலையில இருக்கற வெண்ணெய்னு ரெசிபில போட்டிருந்தா அவங்க சொல்றது இருபது டிகிரி பக்கம். மதுரையில அந்த வெண்ணெய் உருகி ஓடும், உங்க சமையலறையில டிசம்பர் ஜனவரில ராத்திரி முழுக்க வெளிய வெச்சாலும் கல்லு மாதிரி இருக்கும். கல்லா இருக்கற வெண்ணெயையும் சக்கரையையும் எவ்வளவு அடிச்சாலும் வெளுத்து பஞ்சு மாதிரி வராது, அதுல ஜில்லுன்னு முட்டையை உடைச்சு ஊத்தினா திரிஞ்ச பால் மாதிரி பிரிஞ்சுடும். பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணி மேல ரெண்டு நிமிஷம் வெச்சு எடுங்க, விரலால அழுத்தினா பள்ளம் விழணும் ஆனா பளபளன்னு உருகியிருக்கக் கூடாது, அதுதான் பதம். முட்டையை ஓட்டோடயே வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு நிமிஷம் போட்டு வெச்சுட்டு உடைங்க. இது ரெண்டையும் பண்ணாலே கேக் உள்ளே இருக்கற துவாரம் சின்னச் சின்னதா ஒரே சீரா வரும்.

பிரெட், பன் பண்றதா இருந்தா கதை வேற, உயரத்தால மாவு சீக்கிரம் பொங்கணும், குளிரால லேட்டா பொங்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். அதனால கடிகாரத்தைப் பாக்காதீங்க, மாவு ரெண்டு மடங்கு ஆச்சான்னு மட்டும் பாருங்க.

இப்ப சைட் விஷயத்துக்கு வர்றேன், இதுல எனக்குச் சொல்லித் தர்றதை விட உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதுதான் அதிகம். ஒரு புத்தகம் கைக்கு வந்ததும் நீங்க தலைப்புப் பக்கத்தைத் திருப்பி எந்த ஊர்ல அச்சடிச்சது, எந்தப் பதிப்பு, எந்த வருஷம்னு பாக்கற ஆளு. ரெசிபி சைட்டையும் அப்படியே பாருங்க. எழுதினவங்க எந்த நாட்டுல இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டாதான் அவங்க கப் எந்தக் கப்புன்னு தெரியும். அமெரிக்க கப் 240 மில்லிக்கு கொஞ்சம் கீழ, ஆஸ்திரேலியா கப் 250 மில்லி. ஆஸ்திரேலியாக்காரங்க டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மத்த எல்லா இடத்துலயும் 15. உப்பு, சோடாவுல இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். அமெரிக்க சைட்ல 350 டிகிரின்னு போட்டிருந்தா அது ஃபாரன்ஹீட், நம்ம கணக்குக்கு 177. பிபிசி குட் ஃபுட் மாதிரி பிரிட்டிஷ் சைட்ல சூட்டை ரெண்டு விதமா போட்டிருப்பாங்க, சாதா ஓவனுக்கு ஒண்ணு, ஃபேன் ஓவனுக்கு 20 டிகிரி கம்மியா ஒண்ணு, உங்க ஓடிஜில ஃபேன் இல்லன்னா பெரிய நம்பரைத்தான் எடுத்துக்கணும். அவங்க ரெசிபில செல்ஃப் ரைசிங் மாவு வரும், அதுல ஏற்கனவே பேக்கிங் பவுடர் கலந்திருக்கும், நீங்க வெறும் மைதாவைப் போட்டா ஏறாது, நூறு கிராம் மைதாவுக்கு தரையில ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர்னு வெச்சுக்கிட்டா ஊட்டிக்கு முக்கால் போதும். ஹெவி கிரீம்னு எழுதியிருந்தா அதுல கொழுப்பு 36 சதவீதத்துக்கு மேல, இங்க கடையில கிடைக்கற அமுல் ஃப்ரெஷ் கிரீம் 25 சதவீதம், அதை எவ்வளவு அடிச்சாலும் நிக்காது.

நம்பலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண நான் முதல்ல பாக்கறது மாவுக்கும் பேக்கிங் பவுடருக்கும் உள்ள கணக்கு. ஒரு கப் மைதா, அதாவது 120, 125 கிராமுக்கு ஒரு டீஸ்பூன்ல இருந்து ஒண்ணே கால் டீஸ்பூன் வரைக்கும் தரைமட்டத்துக்கு சரி. சமையல் சோடான்னா கால் டீஸ்பூன், அதுவும் தயிரு மோரு எலுமிச்சைன்னு ஏதாவது புளிப்பு கூட இருக்கணும். ஒரு கப் மைதாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர்னு எழுதியிருந்தா அந்த சைட்டை மூடிட்டு வந்துடுங்க, அதை எழுதினவங்க அடுப்புப் பக்கமே போகல. இப்ப மெஷினே எழுதிப் போடற ரெசிபி சைட் நிறைய வந்துடுச்சு, படம் பளபளன்னு இருக்கும், கேக் டின் என்ன சைஸ்னு எங்கயும் இருக்காது, படத்துல மூணு அடுக்கு கேக் இருக்கும் கீழ மாவு ஒரு கப்னு இருக்கும். டின் சைஸ் இல்லாத ரெசிபியை நான் தொடவே மாட்டேன், 6 இஞ்ச் டின்னுக்கும் 9 இஞ்ச் டின்னுக்கும் ஒரே நேரம் எப்படி இருக்க முடியும்?

உங்களுக்குன்னு தேடணும்னா உயரத்தை வெச்சுத் தேடுங்க. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல டென்வர் 1,600 மீட்டர், ஊட்டி அதை விட ஒசரம். நியூ மெக்ஸிகோவுல சாண்டா ஃபேங்கற ஊர் கிட்டத்தட்ட 2,190 மீட்டர், அங்க வேலை செய்யற ரெசிபி உங்க வீட்லயும் வேலை செய்யும். ஹை ஆல்டிடியூட் பேக்கிங், 7,000 அடின்னு போட்டுத் தேடினா சரியான இடத்துக்குப் போயிடலாம். கிங் ஆர்தர் பேக்கிங் சைட்ல உயரத்துக்குன்னே ஒரு தனிப் பக்கம் இருக்கு, கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க வீட்டுக்காரங்களுக்குன்னு எழுதின வழிகாட்டியும் இருக்கு, எது எவ்வளவு கொறைக்கணும்னு அட்டவணையா போட்டிருப்பாங்க, ரெண்டும் இலவசம். நல்ல சைட் ஒண்ணு திடீர்னு காணாமப் போயிட்டா பழைய வெப் பக்கத்தையெல்லாம் சேமிச்சு வெக்கற இன்டர்நெட் ஆர்கைவ்ல வேபேக் மெஷின்ல பழைய முகவரியைப் போட்டுப் பாருங்க, பல சமயம் பழைய பக்கம் அப்படியே கிடைக்கும். லைப்ரரில வேலை பாக்குற உங்களுக்கு இது புதுசா இருக்காது, ஆனா ரெசிபிக்கு இதை யூஸ் பண்ணலாம்னு நிறைய பேருக்குத் தோணறதே இல்ல.

இன்னொண்ணு, உங்க ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பழைய கேட்டலாக் கார்டு, அதான் புத்தக விவரம் எழுதி வெக்கற சின்ன அட்டை, இருந்தா கேட்டு வாங்கிக்கோங்க. ஒரு கேக்குக்கு ஒரு கார்டு, மேல சைட் பேரு, எந்த ஊர்க்காரங்க, கீழ அவங்க அளவு, பக்கத்துல நீங்க ஊட்டிக்கு மாத்தின அளவு, தேதி, எப்படி வந்துச்சுங்கறது. கொஞ்ச நாள்ல மலைக்குன்னே ஒரு ரெசிபி பெட்டி உங்க கையில இருக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடுன்னு எத்தனை வீட்ல ஓடிஜி வாங்கிட்டு கேக் வரலன்னு பரண்ல தூக்கிப் போட்டிருக்காங்க தெரியுமா, தமிழ்ல இப்படி உயரம் பாத்து எழுதினது எவ்வளவு கம்மி, உங்களால அதைப் பண்ண முடியும்னு நான் நிஜமா நம்பறேன்.

முட்டை சேர்க்காத அண்ணனுக்கு வர்றேன். நெட்ல இருக்கற எக்லெஸ் கேக் நிறைய மில்க்மெய்ட் ஊத்தித்தான் பண்ணுவாங்க, அதுல சக்கரை ஏராளம், முட்டையோட பலமும் இல்ல, மலை மேல அமுங்கறதுக்கு இதைவிட வேற காரணம் வேண்டாம். அவருக்கு தயிர் போட்டுப் பண்ணுங்க. உங்க ஊர் கேரட்டே இருக்கே, ஊருக்கெல்லாம் போகற கேரட். 150 கிராம் மைதா, 50 கிராம் கோதுமை மாவு, முக்கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூனுக்கு ஒரு சிட்டிகை குறைவா சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத் தூள் எல்லாம் சலிச்சு வெச்சுக்கோங்க. 180 கிராம் கெட்டித் தயிர், 130 கிராம் சக்கரை, 90 மில்லி எண்ணெய் மூணையும் சக்கரை கரையற வரைக்கும் அடிச்சு, துருவின கேரட் 150 கிராம் போட்டு, மாவைக் கொட்டி மெதுவா மடிச்சு விட்டா போதும், அடிக்கக் கூடாது. 7 இஞ்ச் டின், 185 டிகிரி, 35 நிமிஷத்துக்கு மேல பாருங்க. தயிரோட புளிப்பு மாவைச் சீக்கிரம் செட் ஆக வெக்கும், அதனால குழி விழாது. அவருக்குப் பண்ற அன்னைக்கு டின்னு, விஸ்க், பிரஷ் எல்லாம் தனியா வெச்சுக்கோங்க. முட்டை கேக் செஞ்ச டின்ல பண்ணா அவர்கிட்ட அதைச் சொல்லிட்டுக் குடுங்க, சாப்பிடறதும் வேண்டாங்கறதும் அவர் முடிவு. முந்திரி, பாதாம், நிலக்கடலை எது போட்டிருந்தாலும் டப்பா மேலயே எழுதி ஒட்டிடுங்க, யாருக்கு அலர்ஜின்னு நமக்குத் தெரியாது.

புதுசா வந்த சார் மேல வருத்தப்படாதீங்க, அவர் சொல்றது நியாயம். புத்தகம் பைண்டிங் பண்ற பசை பல இடத்துல மைதாவைக் காய்ச்சின பசைதான், பூச்சி வராம இருக்க அதுல மயில்துத்தம் கலப்பாங்க, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் அந்தப் பசைக்கே அலையற ஜீவன், கேக் தூள் வேற சிந்தினா எறும்பு, எலின்னு எல்லாம் சேர்ந்து வரும். ஊட்டி ஈரத்துக்கு பூஞ்சைக்குச் சொல்லவே வேண்டாம். வெண்ணெய்க் கை பட்ட பக்கத்துல விழற அந்த எண்ணெய்க் கறை இருக்கே, அது அந்தப் புத்தகம் உள்ள வரைக்கும் போகாது. அதனால புத்தக அடுக்கு இருக்கற பக்கமே வேண்டாம், ஸ்டாஃப் ரூமோ வெளித் திண்ணையோ, டீ குடிக்கற நேரத்துல வர்க்கிக்குப் பதிலா கேக்னு வெச்சுக்கோங்க. கிரீம் கேக் வேண்டாம். வீட்லயே நல்லா ஆற வெச்சு, முடிஞ்சா முந்தின நாளே பண்ணி, ஆறின கேக்கை ரம்பப்பல் கத்தியால விரல் நீளத்துக்கு வெட்டி ஒவ்வொண்ணையும் பட்டர் பேப்பர்ல மடிச்சு மூடி போட்ட டப்பால கொண்டு போங்க, ஆறின கேக்னா தூள் உதிராது, ஆளுக்கு ஒண்ணு பிரிச்சு சாப்பிட்டுட்டு பேப்பரைத் திரும்ப அதே டப்பால போட்டு வீட்டுக்கே எடுத்துட்டு வந்துடுங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவி துடைச்சுட்டுத்தான் சீட்டுக்குப் போகணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. முதல் துண்டை அந்த சார்கிட்டயே குடுத்து, சார் இனிமே இப்படித்தான் கொண்டு வருவேன்னு நேரா சொல்லுங்க, புத்தகத்து மேல அக்கறை இருக்கற மனுஷன், புரிஞ்சுக்குவார்.

ஆர்டர் விஷயம் அவசரப்படாதீங்க. வீட்ல பண்ணி வித்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், அங்க பதிவு கட்டாயம். நீங்க அரசு ஊழியரா இருந்தா தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973-னு ஒண்ணு இருக்கு, அனுமதி இல்லாம தனியா வியாபாரம் பண்ணக் கூடாது, மேலதிகாரிகிட்ட எழுத்துல கேட்டுட்டுத்தான் யோசிக்கணும். சும்மா குடுக்கறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம், அந்த சந்தோஷமும் கணக்குப் பாக்க வேண்டாத சந்தோஷம், என்னைக் கேட்டா இப்போதைக்கு அதையே வெச்சுக்கோங்க.

பேக்கிங் பவுடர் டப்பா தேதியையும் ஒரு தடவை பாருங்க, கொஞ்சம் எடுத்து சுடுதண்ணில போட்டா உடனே நுரைச்சு வரணும். இவ்வளவும் மாத்தின பிறகும் குழி விழுந்துச்சுன்னா டின் சைஸ், எந்த ரேக்ல வெச்சீங்க, எத்தனாவது நிமிஷத்துல அமுங்குச்சு, ஓவன் தெர்மாமீட்டர் வெச்சிருந்தா அது என்ன காட்டுச்சு, இதையெல்லாம் கார்டுல எழுதி படம் எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.